ஆறு மாசம் ஒண்ணுக்குப் போகாத கரடி

2021 செப்டம்பர்ல அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, அதுக்கப்புறம் மூணு வாரம் கட்டில்தான். ராத்திரில நான்தான் பக்கத்துல பாய் போட்டு படுத்துப்பேன், ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது, அப்பதான் மொபைல்ல அலாஸ்கா கரடி லைவ் பாக்க ஆரம்பிச்சோம். காட்மாய்னு ஒரு நேஷனல் பார்க், அங்க ப்ரூக்ஸ் ஆத்துல சின்னதா ஒரு அருவி, சால்மன் மீனு எதிர்த்து துள்ளி ஏறும், மேல நிக்கிற கரடி வாயத் தொறந்து அப்படியே கவ்வும். நமக்கு ராத்திரி பத்துன்னா அங்க காலைல எட்டரை, நல்ல வெளிச்சம்.

அம்மாவுக்குப் புடிச்சது ஓடிஸ்னு ஒரு வயசான கரடி. பல்லு பாதி போச்சு, அதனால யார்கூடவும் சண்டைக்குப் போகாது, ஒரே எடத்துல தண்ணில உக்காந்துட்டு மீனு வர்ற வரைக்கும் பொறுமையா காத்திருக்கும். அங்க வருஷா வருஷம் யாரு அதிக குண்டுன்னு ஓட்டுப் போட்டு எடுப்பாங்க, அந்த வருஷமும் அவன்தான் ஜெயிச்சான், மொத்தம் நாலு தடவ. அம்மா அவன "கெழவன்"னுதான் சொல்லுவாங்க. மீனு நெறைய கெடைக்குற நேரத்துல கரடிங்க தோலு, மூளை, முட்டைய மட்டும் தின்னுட்டு மிச்சத்த அப்படியே விட்டுடும், கொழுப்பு இருக்கறது அங்கதான். அதப் பாத்து அம்மாவுக்கு அவ்ளோ கோவம், "மீன் விக்கிற வெலைக்கு இப்படி வீணடிக்குது பாருடா"ன்னு.

அப்புறம் ஒருநாள் பெட்பேன் வெச்சுட்டு இருக்கும்போது கேட்டாங்க. "ஏண்டா, குளிர்காலத்துல கரடி அஞ்சாறு மாசம் குழிக்குள்ளயே கெடக்கும்னு சொன்னியே, ஒண்ணுக்கு ரெண்டுக்கு எங்க போகும்?"

போகாதும்மான்னேன். நம்பல. எனக்கும் சரியா தெரியாது, அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

நாம யூரியாவ வெளிய தள்ளலன்னா ரத்தத்துல ஏறி ஆளக் கவுத்துடும், டயாலிசிஸ் பண்றவங்கள கேட்டா சொல்லுவாங்க. கரடிக்கு கிட்னி கொஞ்சமா வேல செய்யுது, ஆனா மூத்திரப்பைல சேர்றத ஒடம்பே திரும்ப உறிஞ்சிக்குது, அந்த யூரியா கொடலுக்குப் போயி அங்க இருக்கற பாக்டீரியா அத ஒடச்சு, அந்த நைட்ரஜன வெச்சே ஒடம்பு மறுபடி புரோட்டீன் கட்டிக்குது. கழிவையே எடுத்து சதைக்கு போடுது! தண்ணிக்கும் வெளிய போக வேண்டாம், கொழுப்பு எரியும்போதே தண்ணி கெடைச்சுடும்.

இத தூக்கம்னு சொல்றதே எனக்கு சரியாப் படல. அலாஸ்கால ஃபேர்பேங்க்ஸ்ங்கற ஊர்ல கருங்கரடிங்கள வெச்சுப் பாத்து 2011ல ஒரு பேப்பர் வந்துச்சு, ஒடம்போட எரிபொருள் செலவு கால்வாசிக்கு எறங்குது, இதயம் நிமிஷத்துக்கு 55லருந்து 14க்கு வந்துடுது, ஆனா ஒடம்பு சூடு 30 டிகிரிக்குக் கீழ பெருசா போகல. அதனாலதான் பொட்டக் கரடி நடு குளிருல குட்டி போட்டு பாலும் குடுக்க முடியுது. அதே அலாஸ்கால ஒரு தரை அணில் இருக்கு, அது வேற ரகம், ஒடம்பு சூடு மைனஸ் 2.9 வரைக்கும் போயும் ரத்தம் உறையாது, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவ நடுங்கி நடுங்கி சூடேத்திக்கிட்டு மறுபடி அணைஞ்சுடும். (நம்ம ஊரு கரடி இதெல்லாம் பண்ணாது, அதுக்கு வருஷம் பூரா கரையான் கெடைக்குது, பழம் கெடைக்குது, எதுக்குப் படுக்கணும்.)

எனக்கு உறைச்சது வேற விஷயம். அம்மாவுக்கு மூணே வாரத்துல தொடை சதை வத்திப்போச்சு, ஃபிசியோ வந்து எழுப்பி நிக்க வெச்சப்ப காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு தெனம் வயித்துல ஒரு ஊசி வேற. கரடி ஆறு மாசம் கெடந்துட்டு ஏப்ரல்ல எந்திரிச்சு அது பாட்டுக்கு நடந்து போகுது, ஒடம்பு எடைல மூணுல ஒரு பங்கு கொழுப்பா கரைஞ்சிருக்கும், எலும்பு அப்படியே இருக்கும், சதையும் பெருசா போயிருக்காது. ரத்தம் ஏன் கட்டலன்றதுக்கு 2023ல ஒரு பதில் வந்துச்சு, குளிர்காலத்துல கரடியோட தட்டணுக்கள்ல, அதாவது ரத்தத்த கட்ட வெக்கிற அணுக்கள்ல, எச்எஸ்பி47னு ஒரு புரோட்டீன் ரொம்பக் கொறஞ்சுடுதாம். தண்டுவடம் அடிபட்டு வருஷக்கணக்கா அசையாம இருக்கறவங்களுக்கும் அது கொறஞ்சிருக்கு, ஆக நம்ம ஒடம்புக்கும் அந்த வழி தெரிஞ்சிருக்கு, கத்துக்க நாளாகுது அவ்ளோதான்.

அதப் படிச்சதும் ஓடிப்போயி அம்மாகிட்ட சொன்னேன். அப்ப அவங்க குச்சி வெச்சுக்கிட்டு தனியா கடைக்கே போயிட்டு வருவாங்க.

"அதெல்லாம் இருக்கட்டும், கெழவன் எந்திரிச்சு வந்துட்டானா?"

அந்த வருஷம் ஜூலை கடைசிலதான் வந்தான், எலும்பும் தோலுமா. 2024ல யாரு கண்லயும் படல. அம்மா இன்னும் செப்டம்பர் ஆனா மொபைல வாங்கி அந்த அருவியோரத்தத் தேடுவாங்க.