மூன்றாவது மணி நேரத்துச் சீட்

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்று பைக்கில் 310 கிலோமீட்டர். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை, சீட்தான் உட்கார விடவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் லேசாகக் கடுக்க ஆரம்பித்தது. அப்புறம் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, டேங்க் பக்கம் நகர்ந்து, மறுபடி பின்னால் தள்ளி உட்கார்ந்து... கடைசி 80 கிலோமீட்டரில் சாலையை நினைத்ததைவிட உட்காரும் இடத்தை நினைத்ததுதான் அதிகம். அதுதான் பயமாக இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், ஓட்டும்போது கவனம் வேறெங்கோ போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஜூனில் ஐந்து நாள் பயணம், நாளுக்குச் சுமார் 500 கி.மீ. மனைவியும் பின்னால் வருகிறாள். அதற்குள் இந்தச் சீட்டுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். என்ன செய்தேன், என்ன ஆனது என்று அவ்வப்போது இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஜெல் போடு", "மெத்துன்னு ஒரு சீட் வாங்கு". வாங்குவதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று உட்கார்ந்து யோசித்து எழுதினேன். 'பின்பக்கம் வலிக்குது' என்று இத்தனை நாள் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று வெவ்வேறு தொல்லை. இரண்டு பிட்டத்திலும் ஒரு புள்ளியில், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்த மாதிரி ஆழமான வலி. நடுவில், முன்பக்கமாக மரத்துப்போவது. தொடையின் உள்பக்கம் சீட் விளிம்பு அறுப்பது.

முதல் வலிக்குக் காரணம் எலும்பு. நாம் சதையில் உட்கார்வதாக நினைக்கிறோம். பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள். கடினமான நாற்காலியில் உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் அவை கையில் குத்தும். அந்த இரண்டு முண்டுக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் சதையில் ரத்தம் ஓடாமல் போவதுதான் அந்தக் கடுப்பு. 1930-ல் யூஜின் லேண்டிஸ் விரல் நக ஓரத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் உள்ளே வரும் முனையில் சராசரி 32 மி.மீ. பாதரசம் வந்தது. உட்கார்ந்திருக்கும்போது எலும்புக்கு அடியில் வரும் அழுத்தம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எழுந்து நின்றதும் 'அப்பாடா' என்று இருப்பது ரத்தம் திரும்ப ஓடுவதால்தான்.

இன்று மாலை ஒரு சின்னச் சோதனை. அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்த நெளிநெளி அட்டையை மர ஸ்டூலில் போட்டு, ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி லேசாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் அசையவில்லை. எழுந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாக்பீஸைப் படுக்க வைத்து அட்டை மேல் லேசாகத் தேய்த்தேன். மேடு எல்லாம் வெள்ளையாகி, இரண்டு இடம் மட்டும் முட்டை வடிவத்தில் பழுப்பாகவே நின்றது. ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு 12.5 செ.மீ. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன், என் உடம்பில் இந்த அளவை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அட்டையை எடுத்துக்கொண்டு போய் சீட் மேல் வைத்துப் பார்த்தேன். விஷயம் பளிச்சென்று புரிந்தது. சீட்டின் பின்பகுதி அகலமாகவும் தட்டையாகவும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் இரண்டு எலும்பும் சமதளத்தில் நிற்கும். ஆனால் நான் உட்காரும் இடம் அதற்கு ஒரு சாண் முன்னால். அங்கே சீட் குறுகி, நடு உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிகிறது. எலும்புகள் சரிவில் நிற்கின்றன, பாரம் நடுவில் இறங்குகிறது. மரத்துப்போவது இதனால்தான்.

அப்படியென்றால் ஏன் அவ்வளவு முன்னால் உட்கார்கிறேன்? ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி பின்பக்கம் ஒதுங்கி நின்றது. சீட் டேங்க் பக்கம் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல்கடை முன்னால் வழுக்கிப் போகிறேன். போகப் போகக் கால்சட்டையும் இறுகுகிறது.

இதில் பாதித் தவறு என்னுடையது. போன தடவை சாமான் ஏற்றிப் போனபோது பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை, ஏற்றியிருந்தேன், திரும்பி வந்து இறக்கவே இல்லை. பின்பக்கம் தூக்கி நிற்கிறது, சீட் சரிகிறது. ஆள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்க வேண்டும். என்னுடையது அதில் பாதிகூட இறங்கவில்லை. இரண்டு படி தளர்த்தினேன். சரிவு கணிசமாகக் குறைந்தது, பள்ளத்தில் விழும்போது முதுகில் வந்த இடியும் குறைந்தது. புதுச் சீட் தேடுபவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்பேனர் போதும்.

மார்ச் 12, புதன்

பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து ஓட்டுவதை இன்றோடு விட்டேன். ஜீன்ஸும் வேண்டாம். அடியில் நான்கு தையலும் கூடும் இடம் சரியாக உட்காரும் இடத்தில்தான் வருகிறது. சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் தையல் இல்லாத உள் ஷார்ட்ஸ் வாங்கியிருக்கிறேன். வியர்வையில் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் சீக்கிரம் உராய்ந்து புண்ணாகும்.

மார்ச் 16, ஞாயிறு

நண்பனின் ஜெல் சீட்டை ஒரு நாள் இரவல் வாங்கி 200 கி.மீ. ஓட்டினேன். காலையில் உட்கார்ந்ததும் குளுகுளுவென்று இருந்தது. 'இதுதான், வேறெதுவும் வேண்டாம்' என்றே நினைத்தேன். நடுவில் முக்கால் மணி நேரம் வண்டியை வெயிலில் நிறுத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் தோசைக்கல். ஜெல் சூட்டை வாங்கினால் சீக்கிரம் விடாது, காற்றும் அதற்குள் போகாது. ஓட ஆரம்பித்த பிறகும் வெகுநேரம் ஆறவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் எலும்பு வலி அதே இடத்தில் வந்தது. ஜெல் அழுத்தத்தைக் கொஞ்சம் பரப்பித் தருகிறது, உண்மை. ஆனால் அடியில் இருக்கும் சீட்டின் வடிவம் தப்பாக இருந்தால் ஜெல் என்ன செய்யும்? நிழலில் ஓட்டுபவர்களுக்கு, வடிவம் ஏற்கெனவே பொருந்தியவர்களுக்கு நல்ல பொருள். எனக்கு இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காற்று மெத்தை. சீட் மேல் பட்டையால் கட்டும், சின்னச் சின்ன அறைகளாக இருக்கும் வகை. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமலிருக்க உருவான யோசனை இது. அறைகளுக்குள் காற்று இங்குமங்கும் ஓடி, பாரம் எங்கே விழுந்தாலும் பகிர்ந்துகொள்ளும்.

காலையில் நன்றாக ஊதிக் கட்டினேன். பந்து மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வளைவில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். 40 கி.மீ. போனதும் ஓரமாக நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டேன். அடியில் கையை நுழைத்துப் பார்த்து, எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் புகும் அளவு வந்ததும் மூடினேன். பார்த்தால் மெத்தை காலியாகக் கிடப்பது போலத்தான் இருக்கும், அதுதான் சரியான அளவு. அதன் பிறகு 170 கி.மீ., எலும்பு வலி துளியும் இல்லை. இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது.

இருந்தாலும் வளைவுகளில் அந்த மிதக்கிற உணர்ச்சி போகவில்லை. டயர் என்ன செய்கிறது என்பதைச் சீட் வழியாகத்தான் நான் தெரிந்துகொள்கிறேன், அது மங்கிப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. நேர்ச்சாலையிலேயே நாள் முழுக்கப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். நான் மலைப்பாதைக்கும் போகிறவன்.

மார்ச் 27, வியாழன்

மெமரி ஃபோம் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று சார்ல்ஸ் யோஸ்ட் உருவாக்கியது. உடம்புச் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். அதனால் விடியற்காலையில் பலகை மாதிரியும் மதியத்தில் களி மாதிரியும் இருக்கும். தனியாகப் போட்டால் எலும்பு மெதுவாக இறங்கி அடித்தட்டில் போய் இடிக்கும். உறுதியான ஃபோம் மேல் மெல்லிய அடுக்காக வைத்தால் மட்டுமே பயன்.

நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களின் அமைப்பான அயர்ன் பட் அசோசியேஷனின் ஆரம்பநிலைச் சவாலே 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. அதற்குச் 'சேடில்சோர்' என்றே பெயர். சேணப் புண். அந்தத் தூரம் ஓட்டுபவர்கள் பலரும் தங்கள் உடம்புக்கென்று செதுக்கிய சீட்டில்தான் உட்கார்கிறார்கள். எனக்கும் அதுதான் வழி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

சீட் தைக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். அட்டையை நீட்டியதும் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இதை எல்லாரும் கொண்டாந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம் தம்பி" என்றார்.

தட்டை ஸ்க்ரூடிரைவரால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்சினைத் தோல் உரிப்பது போல் உரித்தார். உள்ளே ஃபோம் ஓரத்தில் வெளிர் மஞ்சள், நான் உட்காரும் இடத்தில் பழுப்பு. அந்தப் பழுப்பில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது. பக்கத்தில் ஓரத்தில் அழுத்தி எடுத்தார். உடனே எழுந்தது. "இது செத்துப்போச்சு. மேல எதைப் போட்டாலும் இதுக்குள்ளதான் இறங்கும்."

மேசையில் நாலைந்து ஃபோம் துண்டுகள். கையால் அமுக்கி மெத்தென்று இருந்ததை எடுத்தேன். அவர் அதை வாங்கித் தரையில் போட்டு, "முட்டி போட்டு நில்லுங்க" என்றார். முட்டி நேராகத் தரையைத் தொட்டது. "கை முழுசா அமுக்குது, எலும்பு ஒரே எடத்துல அமுக்குது. கைக்குப் புடிச்சது அங்க புடிக்காது தம்பி." அடுத்த துண்டு ரீபாண்டட் ஃபோம், ஃபோம் துணுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்தது, பல நிறப் புள்ளியோடு இருக்கும். கைக்குக் கல் மாதிரி இருந்தது. முட்டி கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது, தரை படவில்லை.

அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, எத்தனை நாள் தாங்கும் என்பதை அது சொல்லும். கடினம் என்பது எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு இறங்கும் என்பது. அடர்த்தி குறைந்த ஃபோம் கடினமாகவே இருந்தாலும் சீக்கிரம் நொறுங்கிப்போகும்.

முடிவு செய்தது இது: செத்த இடத்தை முழுதாக வெட்டியெடுத்து ரீபாண்டட், அதன் மேல் 15 மி.மீ. இளகிய ஃபோம். நான் உட்காரும் இடம் தட்டையாக, முன்சரிவு இல்லாமல். நடுவில் ஒரு ஆழமில்லாத ஓடை. தொடை படும் விளிம்பு உருண்டையாக. நீளமான மெல்லிய கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து வெட்டினார். பசையை மெல்லிசாகத்தான் தடவினார், தடியாகத் தடவினால் காய்ந்தபின் வரப்பு மாதிரி குத்துமாம். அப்புறம் கிரைண்டரில் மணல் சில்லு மாட்டி ஃபோமைச் செதுக்கினார். பஞ்சுத்தூள் அவர் புருவமெல்லாம் படிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய ரெக்சினையே எட்டுப் பத்து பின் மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார். "ஓட்டிட்டு வாங்க, அப்புறம் தைக்கலாம்." இப்படிச் சொல்கிறவர் கிடைப்பது அரிது. 180 கி.மீ. ஓட்டினேன். எலும்பு வலி இல்லை, மரத்துப்போகவில்லை. ஆனால் நின்றால் கால் முழுதாக ஊன்றவில்லை. உயரம் கூடியது ஒரு விரல்கடைதான். முன்பக்கம் அகலமானதுதான் தொடையை விரித்துக் காலை எட்டவிடாமல் செய்கிறது. உயரம் கூடியதில் முழங்கால் மடிப்பு குறைந்தது நல்ல விஷயம், அதை விட மனமில்லை.

ஏப்ரல் 12, சனி

முன்பக்க ஓரங்களை மட்டும் இரண்டு பக்கமும் செதுக்கினார். உயரத்தில் கை வைக்கவில்லை. இப்போது இரண்டு பாதத்தின் முன்பாதியும் ஊன்றுகிறது. ரெக்சின் தையல் எதுவும் உட்காரும் இடத்தில் வராமல் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னேன். தையல் ஓட்டை வழியாக மழைநீர் இறங்கினால் ஃபோம் குடித்துவிட்டு நாள்கணக்கில் காயாது. அதற்காக ரெக்சினுக்கு அடியில் மெல்லிய பாலித்தீன் தாள் போட்டார். வழவழப்பான ரெக்சினை அவரே வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

520 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி நடந்தேன், எந்தச் சீட்டானாலும் இதை விடக்கூடாது. மூன்றாவது மணி நேரம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. 400-க்கு மேல் லேசான கடுப்பு வந்தது, ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு நிமிடம் நின்றதும் போய்விட்டது. இரவு இறங்கியதும் நேராக நடந்து வீட்டுக்குள் போனேன்.

பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியால் அப்படி முடியவில்லை. "உனக்கு மட்டும் சரியாப் போச்சு, எனக்கு வால் எலும்பு பிளக்குது" என்றாள். நியாயம்தான். இந்த இரண்டு மாதமும் என் இடத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். பின்சீட்டு குறுகலானது, முன்னால் சரிந்தது. அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை, பாரம் முழுக்கச் சீட்டில்தான்.

மே 4, ஞாயிறு

ஸ்டூல், அட்டை, சாக்பீஸ். அவளுடையது 13.8 செ.மீ. பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி கொஞ்சம் அதிகம்தான். பின்சீட்டின் தட்டையான பகுதியை அளந்தால், எலும்புகள் இரண்டும் விளிம்பில்தான் நின்றிருக்கின்றன.

இரண்டு அட்டையையும் பெரியவரிடம் கொடுத்திருக்கிறோம். இந்த முறை ஃபோம் துண்டுகளின் மேல் முட்டி போட்டுப் பார்த்தது அவள்தான். நான் எடுத்ததைவிட ஒரு படி இளகியதை எடுத்தாள். பெரியவரும் தலையாட்டினார், அவள் எடை குறைவு. ரெக்சின் இன்னும் தைக்கவில்லை. எட்டே எட்டு பின். அடுத்த ஞாயிறு இருவருமாக 200 கி.மீ. போய்ப் பார்க்கிறோம்.