மருந்து இருக்கிறது, ஆள் வரவில்லை

ஒருவர் சிக்கலில் இருக்கிறார் என்ற செய்தி எச்.ஐ.வி. தொற்றுக்குக் கூட்டு மருந்து தரும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் முதலில் எட்டுவது மருத்துவருக்கு அல்ல, மருந்தாளுநருக்குத்தான். மருந்து வாங்க வருகிறவர்கள் மீதி மாத்திரைகளோடு டப்பாவைக் கொண்டுவர வேண்டும். 30 மாத்திரை வாங்கிப்போனவர் மாதம் முடிந்து வரும்போது டப்பாவில் 11 மாத்திரை மீதி இருந்தால், அதன் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது. உறவினர்கள் வந்து தங்கியிருக்கலாம். வேலை போயிருக்கலாம். குடி மறுபடி தொடங்கியிருக்கலாம். மருந்தாளுநர் அந்த 11-ஐப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தால் செய்தி அந்த ஜன்னலிலேயே நின்றுபோகும். வெகுகாலம் அப்படித்தான் நின்றது.

தென் மாவட்டம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். ஆலோசகரின் அறை, ஆய்வகம், மருந்தகம், மருத்துவர் அறை என்று ஒவ்வொன்றிலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். அவரவர் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். ஆனால் நோயாளி ஓர் அறையில் சொன்னது அடுத்த அறைக்குப் போகவில்லை. 'தொடர்பு விட்டுப்போனவர்கள்' என்ற பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே இருந்தது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்து அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. அன்றைய விதிப்படி, பொதுவாக நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 வெள்ளை அணுக்கள் 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. படுக்கையில் விழுந்தவரை உறவினர்கள் தூக்கிக்கொண்டு வந்த காலம் அது. 2017-இலிருந்து தொற்று உறுதியானாலே மருந்து என்றானது. இன்று பெரும்பாலானவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை. மருந்து அவ்வளவு எளிதாகிவிட்டது. ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு ஆயுள் முழுக்க வந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கள் வேலையின் பெரும்பகுதி இப்போது அவரை வரவைப்பதுதான்.

எனவே வாரத்தில் ஒரு பிற்பகல், புறநோயாளிகள் கூட்டம் குறைந்த பிறகு, எல்லோரும் ஒரே மேசையில் உட்காரத் தொடங்கினோம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், டேட்டா மேனேஜர், பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், ஆதரவு மையத்தின் களப்பணியாளர் என்று அத்தனை பேரும். வரவேண்டிய நாளில் வராதவர்கள், ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவான வைரல் லோடு 1000-ஐத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், காசநோயும் சேர்ந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் எங்களில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு நேரம் இருக்கிறதோ அவருக்குப் போகாது, அந்த நோயாளி யாரை நம்புகிறாரோ அவருக்குத்தான் போகும். சிலருக்கு அது வலிக்காமல் ரத்தம் எடுக்கும் ஆய்வக நுட்பநர். பலருக்குப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், ஏனெனில் அவரே தொற்றோடு வாழ்பவர். "நானும் இதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறேன், அண்ணே" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் படிப்பால் அந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியாது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி, கணவரை இழந்தவர், நீண்ட காலமாக ஒழுங்காக மருந்து எடுத்தவர். திடீரென்று வைரல் லோடு 1000-க்கு மேல் வந்தது. தாளை மட்டும் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். மேசையில் பேச்சு தொடங்கியதும் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருப்பது தெரிந்தது. சில மாதங்களாகத் தாமதமாக வருகிறார் என்றார் டேட்டா மேனேஜர். டப்பாவைக் கொண்டுவருவதில்லை, மீதி மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருகிறார் என்றார் மருந்தாளுநர். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று மகிழ்ச்சியோடு செவிலியரிடம் சொல்லியிருந்தார். முன்பெல்லாம் மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் வைத்திருப்பேன் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். நான்கையும் சேர்த்தவுடன் விஷயம் விளங்கியது. மகள் வந்துவிட்டாள், இப்போது அரிசி எடுப்பவள் மகள். அம்மாவுக்குத் தொற்று இருப்பது மகளுக்கும் தெரியாது, அடிக்கடி வந்துபோகும் சம்பந்தி வீட்டாருக்கும் தெரியாது.

பொறுப்பைச் செவிலியர் ஏற்றார். "அம்மா, ஏன் மாத்திரையை விட்டீர்கள்?" என்று அவர் கேட்கவே இல்லை. "குழந்தை பிறக்கும் வரை டப்பாவை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார். அடுத்த தெருவில் இருக்கும் தங்கைக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்றார். அவர் சம்மதத்தோடு தங்கையிடம் பேசினோம். டப்பா தங்கை வீட்டுக்குப் போனது. இதுவரை இரவில் சாப்பிட்டு வந்த மாத்திரையைக் காலையில் ஆலைக்குப் போகும் வழியில் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னார். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பும் எடுக்கலாம், பின்பும் எடுக்கலாம், தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். மூன்று மாத ஆலோசனைக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. முதல் மருந்து பலன் தராதபோது கொடுக்கும் இரண்டாம் நிலை மருந்துக்குப் போக வேண்டிய தேவையே எழவில்லை.

இப்படிக் கூடிப் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் என்னிடம் நம்பிச் சொன்னதை மேசையில் வைக்கலாமா? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது அறம். சிகிச்சைக்குத் தேவையானது மட்டும் மேசைக்கு வரும். தொற்று யாரிடமிருந்து வந்தது, திருமணத்துக்கு வெளியே யாரோடு உறவு என்பதெல்லாம் என் அறையோடு சரி. பதிவு செய்யும் நாளிலேயே ஒரு கேள்வி கேட்கிறோம்: தொலைபேசியில் அழைத்தால் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் அழைக்க வேண்டும்? "தையல் வகுப்பு அக்கா என்று சொல்லுங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல்" என்றார் ஒருவர். அது அவருடைய அட்டையில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. களப்பணியாளர் வீட்டு வாசலில் போய் நிற்பதும் இல்லை. பஸ் நிலையம், டீக்கடை, கோயில் என்று அவர்கள் சொல்லும் இடத்தில்தான் சந்திப்பு.

காசநோய்ப் பிரிவோடு கைகோத்தது இன்னொரு பெரிய மாற்றம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு ரத்தத்தில் டொலுடெக்ராவிரின் அளவு குறையும். அதனால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் தேவை. இரண்டு பிரிவுகளும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒருவரையொருவர் கேட்காவிட்டால் அந்த இரண்டாவது மாத்திரை விடுபட்டுப்போகும்.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பிறவியிலேயே தொற்று பெற்று இப்போது கல்லூரி வயதுக்கு வந்திருக்கும் பிள்ளைகள். பாட்டியோ அத்தையோ வளர்த்தவர்கள். சிறுவயதில் சத்து மாத்திரை என்று நம்பி விழுங்கியவர்கள். உண்மை தெரிந்த பிறகு கோபம் வருகிறது, அந்தக் கோபம் மாத்திரை மேல் திரும்புகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், பெட்டியைச் சோதிப்பார்கள் என்ற பயத்தில் மருந்தையே நிறுத்தியிருந்தான். நோயின் பெயரைக் குறிப்பிடாமல், நீண்ட காலச் சிகிச்சையில் இருக்கிறார், மருந்து வைத்துக்கொள்ள அனுமதிக்கவும் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தார். பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அவனுக்குத் தினமும் இரவில் ஒரு செய்தி அனுப்புகிறார். அதில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டுமே இருக்கும். அவன் பதில் அனுப்பினால் மாத்திரை எடுத்துவிட்டான் என்று பொருள்.

இன்னமும் எங்களால் தீர்க்க முடியாதது நேரம். ஆலை ஷிஃப்டும் மையத்தின் நேரமும் மோதுகின்றன. நிலையாக இருப்பவர்களுக்குப் பல மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது ஓரளவு உதவுகிறது. நிலையாக இல்லாதவர்கள்தான் அடிக்கடி வர வேண்டியவர்கள், கூலியை இழப்பவர்களும் அவர்களே. வாரத்தில் ஒரு நாளாவது மையத்தை மாலை ஏழு மணி வரை திறந்துவைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். அந்த ஒரு நாளுக்கு யார் யார் நிற்பது என்ற முறைப்பட்டியலும் கடிதத்தோடு போயிருக்கிறது. முதல் பெயர் மருந்தாளுநருடையது, அவரே கேட்டு எழுதச் சொன்னது.