கிங் கிரிம்சன் முதல் கேரவன் வரை: இங்கிலாந்தில் ஒரு புரோகிரசிவ் ராக் பயணம்

புரோகிரசிவ் ராக், அதாவது ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கலந்து நீண்ட பாடல்களாக விரியும் ராக் இசை, கேட்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே 'உங்களுக்கு எந்த பேண்ட்?' என்பதில் வந்து நிற்கும். பிங்க் ஃபிளாய்ட் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். அப்புறம், "சரி, அதற்கு அடுத்தது?" என்பார். அந்த இரண்டாவது பதிலை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். இங்கிலாந்துக்குப் போனபோது நான் இந்தக் கேள்வியின் பின்னால்தான் போனேன். அரண்மனை, மியூசியம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இந்தக் குழுக்கள் தொடங்கிய தெருக்களையும் ஊர்களையும் பார்ப்பது, வழியில் கிடைக்கும் ரசிகர்களிடம் பேசுவது என்பதுதான் திட்டம்.

லண்டன் சோஹோவில் வார்டர் தெருவின் 90ஆம் எண்ணில் ஆரம்பித்தேன். 1964 முதல் 1988 வரை ராக் குழுக்கள் வாசித்த மார்க்கீ கிளப் இங்கேதான் இருந்தது. இன்று அங்கே கிளப்பின் சுவடே இல்லை. தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் நினைவாக ஒரு நீல வட்டப் பலகை மட்டும் இருக்கிறது. ஆனால் யெஸ், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ் மூன்றுமே இங்கே வாசித்து வளர்ந்தவை. சில கட்டடங்கள் தள்ளி, மாடியில் லா ஷாஸ் என்ற சின்ன மதுக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சன், 1968இல் கிறிஸ் ஸ்குவயரைச் சந்தித்தார். இருவரும் தங்களுக்குப் பிடித்த பாடகர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததில் பிறந்ததுதான் யெஸ். அந்தத் தெருவில் மேலும் கீழும் பலமுறை நடந்தேன். யெஸ் பாடல்களில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்கும் அழகு எனக்கு எப்போதுமே பெரிது. அதன் விதை விழுந்த இடம் என்று நினைத்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் தெருவைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் காஸ்ஃபீல்ட் தெரு. அட்விஷன் ஸ்டூடியோ இருந்த தெரு. யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972இல் இங்கே பதிவானது. தலைப்புப் பாடல் மட்டும் 18 நிமிடத்துக்கு மேல் ஓடும், எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அதற்கு ஒரு வருடம் முன்பு எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் 'டார்கஸ்' ஆல்பமும் இதே இடத்தில்தான் பதிவானது. இரண்டுக்கும் ஒலிப்பதிவு செய்தவரும் ஒருவர்தான், எடி ஆஃபர்ட். ஒரே ஸ்டூடியோ, ஒரே பொறியாளர், இரண்டிலுமே எல்பியின் ஒரு பக்கத்தை நிறைக்கும் பெரிய பாடல். ஆனால் இன்று தீவிர ரசிகர்கள் மத்தியில் இரண்டின் இடமும் ஒன்றல்ல. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' எந்த ரசிகரின் பட்டியலிலும் முதல் ஐந்துக்குள் வந்துவிடுகிறது. எமர்சன் குழுவோ, எழுபதுகளில் மைதானங்களை நிரப்பியிருந்தாலும், நான் பேசியவர்கள் வாயில் தானாக வரவே இல்லை. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த கீத் எமர்சனின் விரல்வேகத்தை எல்லோரும் மதிக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது வேறு ஒரு குணம், அது யெஸ்ஸிடம் அதிகம் என்பது என் கருத்து.

சோஹோவில் பழைய எல்பி விற்கும் ஒரு கடையில் வெகுநேரம் நின்றேன். கடைக்காரர் எழுபதை நெருங்கும் மனிதர். புரோகிரசிவ் ராக் பிரிவில் எது வேகமாகப் போகிறது என்று கேட்டேன். "பிங்க் ஃபிளாய்டை எல்லோரும் வாங்குகிறார்கள். கிரிம்சனை வாங்குகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்" என்றார். பக்கத்தில் எல்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்து, "வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரை விட்டுவிட்டீர்களே, சார்" என்று சேர்ந்துகொண்டார். பிறகு மூவரும் அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் ஹாமிலின் குரலைப் பற்றிப் பேசினோம். அந்தக் குழுவின் விற்பனை எப்போதுமே குறைவு, ரசிகர் வட்டமும் சின்னதுதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் வெளியே வருவதே இல்லை. முதல் தடவை கேட்கும்போது அந்தக் குரல் மிரட்டும், கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் சாக்ஸபோன் அலறும். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் வேறு எதுவும் அந்த அளவுக்கு உள்ளே இறங்குவதில்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது.

ஹைட் பார்க்கில் நான் தேடிப் போனது ஒரு தேதியை. 1969 ஜூலை 5. ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சி. அவர்களுடைய முன்னாள் கிட்டாரிஸ்ட் பிரையன் ஜோன்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. லட்சக்கணக்கில் கூட்டம். அந்தக் கூட்டத்தின் முன்னால், முதல் மேடை ஏறி மூன்று மாதம்கூட ஆகாத, ஓர் ஆல்பம்கூட வெளியிடாத ஒரு குழு வாசித்தது. அதுதான் கிங் கிரிம்சன். அந்த வருடம் ஜனவரியில்தான் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஒத்திகையைத் தொடங்கியிருந்தார்கள். அக்டோபரில் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' வெளிவந்தது. மெல்லட்ரான் என்ற கீபோர்டு கருவியின் அந்தப் பெரும் அலை, நடுவே ஜாஸ், பிறகு உடைந்து நொறுங்கும் கிட்டார். புரோகிரசிவ் ராக் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் இந்த ஆல்பத்தைத்தான் காட்டுவார்கள்.

கிரிம்சன் மேல் இருக்கும் மரியாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் ஒருவரைத் தவிர எல்லோரும் மாறிக்கொண்டே இருந்தார்கள், இசையும் மாறிக்கொண்டே இருந்தது. 1974இன் 'ரெட்' ஆல்பத்தையும் 1981இன் 'டிசிப்ளின்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டால், இரண்டும் ஒரே பெயரில் வந்தவை என்று நம்புவது கஷ்டம். கடைசிக் கட்டத்தில் மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்மர்களை உட்கார வைத்தார்கள். 2021 டிசம்பரில் டோக்கியோவில் அந்தப் பயணம் முடிந்தது. பழைய வெற்றியை அப்படியே திருப்பிப் போட்டுக் காட்டாத குழு என்பதால், நானும் அவர்களைத் தனியாகத்தான் வைக்கிறேன்.

பேட்டர்ஸீ மின் நிலையத்துக்கும் போனேன், போகாமல் எப்படி? பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் அட்டைப் படத்துக்காக 1976 டிசம்பரில் அந்த நான்கு புகைபோக்கிகளுக்கு இடையே பறக்கவிட்ட பெரிய பன்றி பலூன், கயிறு அறுந்து ஹீத்ரோ விமானப் பாதைக்குள் போய், கடைசியில் கென்ட்டில் ஒரு பண்ணையில் விழுந்தது. இப்போது அது கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த வளாகம், 2022இல் திறந்தார்கள். ஒரு புகைபோக்கிக்குள் லிஃப்ட் வைத்து 109 மீட்டர் உயரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கும் இந்தப் பன்றிக் கதை தெரிந்திருந்தது. பிங்க் ஃபிளாய்டின் வீச்சு அப்படி. 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 முதல் 1988 வரை அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 741 வாரம் இருந்தது. தீவிர ரசிகர்களிலும் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். வந்த பிறகு 'அனிமல்ஸ்' பக்கம் நகர்கிறவர்கள் அதிகம். அதில் மொத்தமே ஐந்து பாடல்கள், நடுவில் மூன்று நீண்டவை, ஒன்றுகூடக் கோபம் தணியாதது. எனக்கும் ஃபிளாய்டில் அதுதான் முதல்.

மேரில்போன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் எய்ல்ஸ்பரி. சுற்றுலாக்காரர்கள் அதிகம் இறங்காத ஊர். புரோகிரசிவ் ராக் ரசிகர்களுக்கோ இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஃப்ரையர்ஸ் என்ற கிளப் 1969இல் இங்கே தொடங்கியது. லண்டன் இன்னும் சரியாகக் கவனிக்காத காலத்திலேயே இந்த ஊர் ஜெனிசிஸைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1971 ஜூனில் இங்கே வாசித்தபோது, 'தி நைஃப்' பாடலின் முடிவில் பாடகர் பீட்டர் கேப்ரியல் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அங்கே நான் பேசிய வயதானவர்களுக்கு அந்த இரவு இன்னும் மறக்கவில்லை.

அதே ஊரில் 1979இல் கிளம்பிய குழு மரிலியன். 1982இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளின் பெயரிலேயே மார்க்கெட் ஸ்கொயர் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் மரிலியன் டி-ஷர்ட் போட்ட தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். கணவருக்கு ஃபிஷ் பாடிய காலம்தான் எல்லாம். 1988இல் அவர் விலகிய பிறகு வந்த ஸ்டீவ் ஹோகார்த் பாடியவைதான் ஆழமானவை என்கிறார் மனைவி. "கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சண்டை ஓடுகிறது" என்று சிரித்தார்கள். எனக்கு மனைவியின் கட்சிதான் சரி என்று பட்டது, சொல்லியும்விட்டேன்.

இந்தக் குழுவின் ரசிகர்கள் செய்ததை வேறு எந்த ரசிகரும் செய்ததாக எனக்குத் தெரியாது. 1997இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணம் இல்லை என்று குழு கைவிரித்தபோது, அங்கிருந்த ரசிகர்களே தங்களுக்குள் சுமார் 60,000 டாலர் சேர்த்து அவர்களை வரவழைத்தார்கள். அடுத்து 2001 ஆல்பத்துக்கு, ஒரு ஸ்வரம்கூடப் பதிவாவதற்கு முன்பே 12,000க்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். கூட்டு நிதி என்பது பரவலாவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது இது. விற்பனையை விட்டுவிட்டு ஈடுபாட்டை மட்டும் அளந்தால், மரிலியன் ரசிகர்களுக்கு மேலே யாரையும் என்னால் வைக்க முடியவில்லை.

காடல்மிங்கில் அதிக நேரம் இருக்கவில்லை. ஜெனிசிஸ் உருவான சார்ட்டர்ஹவுஸ் பள்ளியை வெளியிலிருந்துதான் பார்த்தேன். கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட், ஆண்டனி பிலிப்ஸ் எல்லோரும் அங்கே மாணவர்களாக இருந்தபோது, 1967இல் தொடங்கிய குழு. தேவாலயப் பாடல்களின் சாயலும் பழைய ஆங்கிலக் கதைகளின் வாசனையும் அவர்கள் இசையில் எங்கிருந்து வந்தன என்று அந்தக் கட்டடங்களைப் பார்த்ததும் விளங்கியது. 'சப்பர்ஸ் ரெடி' 23 நிமிடம் ஓடுகிறது. அதில் 9/8 தாளத்தில் வரும் பகுதியில் பேங்க்ஸின் ஆர்கன் ஏறி ஏறிப் போய், கேப்ரியலின் குரல் வெடிக்கும் இடத்தில் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ரசிகர்களிடம் ஜெனிசிஸுக்குக் கிடைப்பது பாசம். கியூபெக்கைச் சேர்ந்த 'தி மியூசிக்கல் பாக்ஸ்' என்ற குழு, அந்தக் கால ஜெனிசிஸ் நிகழ்ச்சிகளை உடை, ஒளி, மேடைப் படங்கள் உட்பட அப்படியே மறுபடி நடத்திக் காட்டுகிறது. ஜெனிசிஸின் முன்னாள் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட் அந்தப் பாடல்களோடு ஊர் ஊராகப் போகிறார், அரங்குகள் நிரம்புகின்றன. கேப்ரியல் விலகியது 1975இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்!

கடைசியாக கேன்டர்பரி. தேவாலயத்துக்குப் போகும் கூட்டத்தோடு இறங்கி, நான் மட்டும் ஊரின் சந்துகளில் சுற்றினேன். சைமன் லாங்டன் பள்ளியில் படித்த நண்பர்கள் 1964இல் வைல்ட் ஃபிளவர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அது பெயர் வாங்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பக்கம் சாஃப்ட் மெஷின் கிளைத்தது, இன்னொரு பக்கம் கேரவன். பிறகு ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த். அது லண்டனிலிருந்து வெளியேறும் நெடுஞ்சாலையின் வழிகாட்டிப் பலகையில் இருந்த வாசகத்தையே பெயராக எடுத்துக்கொண்ட குழு. மற்றவர்கள் பிரம்மாண்டத்தைத் தேடிப் போனபோது, இவர்கள் ஜாஸ் கலந்த மெல்லிய, பேச்சு வழக்கில் பாடும் இசையைச் செய்தார்கள்.

ஆற்றங்கரையில் நடக்கும்போது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் பையில் குத்தியிருந்த கேரவன் பட்டனைப் பார்த்து நின்றார். கேரவனின் 1971 ஆல்பமான 'இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' பற்றிச் சின்னப் பிள்ளை மாதிரி பேசினார். அதன் இரண்டாம் பக்கத்தை முழுக்க நிறைக்கும் பாடலில் டேவ் சின்க்ளேரின் ஆர்கன் எந்த இடத்தில் எப்படித் திரும்பும் என்று கையால் காற்றில் வாசித்தே காட்டினார். பெரிய குழுக்களையும் தனக்குப் பிடிக்கும், ஆனால் வீட்டில் தினமும் ஓடுவது கேரவன்தான் என்றார்.

இந்தப் பயணத்துக்குப் பிறகு யாராவது என்னிடம் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: முதலில் கிரிம்சன், அடுத்து ஜெனிசிஸ், மூன்றாவதாக வான் டெர் கிராஃப். யெஸ் நான்காவது என்பதில் எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். அடுத்ததாக இத்தாலிக்குப் போக ஆசை. வான் டெர் கிராஃபின் 'பான் ஹார்ட்ஸ்' சொந்த நாட்டில் கவனிக்கப்படாமல் போனபோது, இத்தாலியில் முதலிடத்துக்கு ஏறியது. அங்கே பிஎஃப்எம், பாங்கோ போன்ற குழுக்கள் என்று தனியாக ஒரு பெரும் பரம்பரையே இருக்கிறது. அந்த ரசிகர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.