சாலை இல்லாத ஸ்டேஷனில் இறங்கி

ஸ்காட்லாந்தின் கொரவுர் ஸ்டேஷனுக்குப் பொதுச் சாலை கிடையாது. ரயில் நம்மை இறக்கிவிட்டுப் போனதும் எஞ்சுவது ரானக் மூர் சதுப்புவெளியும் காற்றும்தான். இந்தச் சதுப்பில் தண்டவாளம் போட்ட கதையே தனி. கொட்டியதையெல்லாம் சேறு விழுங்கிவிட, கடைசியில் சுள்ளிக்கட்டு, மரவேர், மண், சாம்பல் என்று பரப்பி மெத்தை மாதிரி மிதக்கவிட்டுத்தான் பாதையை அமைத்தார்கள். 1894-இல் திறந்தது, இன்னும் ரயில் ஓடுகிறது!

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை அங்கிருந்து நடந்தோம். முதலில் கார்ன் ஜெரக் (941 மீட்டர்), அப்புறம் ஸ்கோர் கவ்ரே (955 மீட்டர்). இரண்டுமே 'மன்றோ', அதாவது 3,000 அடியைத் தாண்டிய ஸ்காட்லாந்துச் சிகரங்கள். மொத்தம் 282 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏறி முடித்து டிக் அடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது. எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை.

வசந்தம் என்றதும் பூவைத் தேடாதீர்கள். ஹெதர் புதர் பூக்க ஆகஸ்ட் ஆகும். இப்போது எல்லாமே வைக்கோல் நிறம், நடுவே கறுப்புச் சேறு, வடக்குச் சரிவுகளில் மிச்சப் பனி. தலைக்கு மேல் வானம்பாடி நிறுத்தாமல் பாடுகிறது. உச்சியில் மேற்கே பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் தெரிந்தது, அதுவும் மேகத்தொப்பி இல்லாமல்! அது அபூர்வம்.

இறங்கி ஒஸியன் ஏரிக்கரை வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். நாளுக்குச் சில ரயில்கள்தான், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். போவதென்றால் மே பாதிக்குள் போய்விடுங்கள். அப்புறம் மிட்ஜ் என்கிற பொடிக்கொசு கிளம்பிவிடும். நின்று டீ குடிக்க விடாது.