மோட்டாருக்கு முன் கியர்: என் பாறை வண்டியில் 33-இலிருந்து 47 வரை

பாறை ஏறும் ரிமோட் வண்டியைக் கையில் எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டேர்ன் மோட்டார் போடலாம்?" என்றுதான். திருகோணமலையில் என்னோடு ஓட்ட வரும் தம்பிமாரும் அதையே கேட்கிறார்கள். டேர்ன் என்பது மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் ஒவ்வொரு பல்லிலும் கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கை. அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள் என்பேன். மோட்டார் எத்தனை முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழல்கிறது? இதற்கு விடை தெரியாமல் மோட்டார் வாங்குவது பணத்துக்குக் கேடு.

என் வண்டி உண்மையான வண்டியின் 1/10 அளவு. 1.9 அங்குல வளையம், ஏறத்தாழ 120 மி.மீ. விட்டமுள்ள ரயர், 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பற்றரி. ஆரம்பத்தில் மோட்டாரில் 20 பல் பினியனும் (சிறு பற்சக்கரம்) அதோடு கோக்கும் ஸ்பர் என்ற பெரிய பற்சக்கரத்தில் 87 பல்லும் இருந்தன, அதாவது 4.35. கியர்ப்பெட்டிக்குள் இன்னொரு 2.6 மடங்கு குறைப்பு. அச்சுக்குள் 13 பல்லும் 38 பல்லும், அதாவது 2.92. மூன்றையும் பெருக்கினால் 33 வருகிறது. மோட்டார் 33 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். மோட்டார் சாதாரண 27 டேர்ன் பிரஷ் வகை (கரித்துண்டுகள் வழியே மின்சாரம் பெறுவது).

சமதரையில் இது நன்றாக ஓடியது. கன்னியாப் பக்கத்துப் பாறைகளில் அப்படியில்லை. முன் ரயர் ஒரு விளிம்பில் முட்டி நிற்கும். ரிமோட்டின் விசையை மெல்ல அழுத்தினால் அசையாது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துள்ளிப் பாய்ந்து சரியும். இடைப்பட்ட வேகம் என்று ஒன்று அகப்படவே இல்லை. கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் மோட்டாரைத் தொடவும் முடியவில்லை.

சூட்டுக்குக் காரணம் இதுதான். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. முட்டுப்பட்டு நிற்கும்போது அந்தத் தடை இல்லை. உள்ளே வரும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. ஆகவே வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் மோட்டார் வேகமாகச் சுழலவேண்டும். அதைச் செய்து தருவது கியர் விகிதம்.

என்றாலும் டேர்னை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்க்க விரும்பி, கியரைத் தொடாமல் 35 டேர்ன் மோட்டாரைப் போட்டேன். வேகம் குறைந்தது, சூடு தணிந்தது, விசைக்கு வண்டி பணிந்து நடந்தது. ஆனால் முட்டிய இடத்தில் ஏறும் பலம் கூடவில்லை. டேர்ன் கூடினால் இழுவை கூடும் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடுகிறது. ஆனால் அதே இடத்துக்குள் கூடுதல் சுற்றுகளை அடக்கக் கம்பி மெல்லியதாகிறது, நீளமும் ஆகிறது, அதன் மின்தடை இன்னும் வேகமாக ஏறுகிறது. ஒரே பற்றரியில், ஒரே அளவு மோட்டாரில், முட்டி நிற்கும்போது கிடைக்கும் உச்ச முறுக்குவிசை உண்மையில் சற்றுக் குறையும். டேர்ன் தருவது நிதானமும் குளிர்ச்சியும். பலத்தைக் கியரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து 14 பல் பினியன். 33 என்பது 47 ஆனது, சக்கரத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ 1.4 மடங்கு. முன்பு துள்ளிய அதே விளிம்பில் வண்டி ரயரைப் பதித்து, அதன் மேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறியது. அன்று மாலை முழுவதும் அந்த ஒரு பாறையை விட்டு நான் நகரவில்லை. பினியனை மாற்றுபவர்கள் மோட்டாரை இறுக்கும் முன் இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். தாள் மடிப்பு விழுந்து கிழியாமல் வெளியே வந்தால் இடைவெளி சரி.

ஆனாலும் ஒரு குறை மிஞ்சியது. செங்குத்தான ஏற்றத்தில் விசையை அழுத்தியதும் வண்டியின் உடல் ஒரு பக்கம் சாயும், எதிர்ப்பக்க முன் ரயர் பாறையை விட்டு எழும்பும். கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு ஒரு திசையில் முறுக்கும்போது, உடல் மறு திசையில் முறுக்கப்படுகிறது. ஸ்பிரிங்கை இறுக்கி இதை மறைக்கலாம். ஆனால் இறுகிய ஸ்பிரிங் பாறையின் வளைவுக்கு வளைந்து கொடுக்காது.

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. அச்சுக்குள் இருந்த 38-13 சோடியைக் கழற்றி 30-8 சோடியைப் போட்டேன். அச்சின் விகிதம் 2.92-இலிருந்து 3.75 ஆகிறது. கூடவே பினியனை 14-இலிருந்து 18 ஆக்கினேன். பெருக்கிப் பாருங்கள்: மொத்தம் மறுபடியும் 47. மோட்டார் அதே, வேகம் அதே, சக்கரத்தின் பலமும் அதே. ஆனால் வேகக் குறைப்பில் முன்பைவிடக் கூடுதலான பங்கு இப்போது தண்டைத் தாண்டி அச்சுக்குள் நடப்பதால், தண்டில் ஓடும் முறுக்குவிசை ஏறக்குறைய 22 சதவீதம் குறைகிறது. உடலின் சாய்வு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது, மென்மையான ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்ள முடிந்தது. மொத்த விகிதத்தை மட்டும் எழுதி வைத்தால் இந்த வித்தியாசம் தாளில் தெரியவே தெரியாது. போர்ட்டல் அச்சு விரும்பப்படுவதற்கும் இது ஒரு காரணம்: அங்கே கடைசிக் குறைப்பு சக்கரத்தின் பக்கத்திலேயே நடக்கிறது, அச்சும் தரையிலிருந்து உயர்கிறது.

பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுழலும் பகுதி எங்கே நிற்கிறது என்று அறியும் சென்சர் இல்லாத வகையைப் பாறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அது திக்கித் திணறும், பாறையில் அந்தக் கணம்தான் எல்லாமே. சென்சரோடு எஃப்ஓசி முறையில் (அந்த நிலைக்கு ஏற்ப மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஒழுங்குபடுத்தும் முறை) இயங்குபவை வேறு இனம், நத்தை வேகத்திலும் பிடியை விடுவதில்லை. கணக்கு எளிது: 1200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1200 சுற்று) மோட்டார் 2எஸ் பற்றரியின் 7.4 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 8880 சுற்று. 47-ஆல் வகுத்து ரயரின் சுற்றளவால் பெருக்கினால் மணிக்கு 4.3 கி.மீ. வரும். 3எஸ் (மூன்று செல், 11.1 வோல்ட்) பற்றரியில் 6.4 கி.மீ. வேகம் போதவில்லை என்று கியரை உயர்த்துவதைவிட, கியரைத் தாழ்வாகவே (விகித எண்ணைப் பெரிதாகவே) வைத்து வோல்ட்டை உயர்த்துவது நல்லது. ஒரேயடியாகத் தாழ்த்தியும் விடாதீர்கள். மணல் படிந்த பாறையில் ரயர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்சம் வேகம் வேண்டும். பினியனை 12 ஆக்கினால் என் வண்டியில் 71 வரும். அதில் உலர்ந்த பாறை இனிமை, டச்சுக் குடாக் கரையின் மணல் வேதனை.

கடற்கரையில் ஓட்டினால் மணலோடு உப்பும் சேரும். திறந்த பிரஷ் மோட்டாரை வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, மோட்டார்த் தண்டைத் தாங்கும் இரண்டு முனைப் புஷ்களிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் பாறைகள் அழகாக இருக்கின்றன என்று ஆசைப்பட வேண்டாம். அது கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி, மான்கள் நடமாடும் இடம். நமக்குக் கன்னியாப் பக்கமே போதும்.

இப்போது 35 டேர்ன், 18 பல் பினியன், 47 என்ற நிலையில் வண்டி நிற்கிறது. முன் அச்சைப் பின் அச்சைவிடச் சற்று வேகமாகச் சுழலவைக்கும் பற்சக்கரங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும், திருப்பமும் குறுகும். சாமான் வந்ததும் அதே விளிம்பில் ஏற்றிப் பார்த்து எழுதுகிறேன்.