நான்காவது ட்யூபும் மடகாஸ்கரின் 5ஆம் எண் சாலையும்

நேற்று மாலை பின் டயரைக் கழற்றி, ட்யூப் மாற்றி, திரும்ப மாட்டிக் காற்றடித்தேன். இன்று காலைவரை காற்று அப்படியே நிற்கிறது. இதற்கு முன் மூன்று புது ட்யூபுகளை டயர் நெம்பும் லீவரால் கடித்து நாசமாக்கியவன் நான். அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியெல்லாம் அக்டோபரில் நண்பனோடு மடகாஸ்கர் போகும் திட்டத்துக்காக. தலைநகரில் 250 சிசி ட்ரெய்ல் பைக் இரண்டு வாடகைக்கு எடுத்து, தோமாசினாவரை இறங்கி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரையோடு ஆர்என்5 என்ற 5ஆம் எண் தேசியச் சாலையில் மரோவன்ட்செட்ராவரை. இந்தக் கடற்கரைச் சாலை மட்டும் சுமார் 400 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுவானியெரானா இவோங்கோவரை, அதாவது முதல் 160 கி.மீ. வாக்கில்தான் தார். அதற்கு மேல் மணல், பாறைப் படிக்கட்டு, சேறு, இடையிடையே ஆற்று முகத்துவாரங்கள். படகுத்துறைகள் எத்தனை என்று செயற்கைக்கோள் படத்தில் மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. வண்டிகளை ஏற்றும் 'பாக்' ஓடவில்லை என்றால் பைக்கை மரத்தோணியில் ஏற்றித்தான் கடக்க வேண்டும்.

அந்தக் கடற்கரையில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. செப்டம்பர் முதல் நவம்பர்வரை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஜனவரி முதல் மார்ச்வரை புயல் காலம், பேச்சே வேண்டாம். அக்டோபரில் கிராம்பு அறுவடையும் தொடங்கிவிடும். அந்த வட்டாரத்தின் பெயரே அனலஞ்சிரோஃபோ, கிராம்புக் காடு என்ற பொருளில் வருவது. வழியெல்லாம் பாயில் கிராம்பு காயும் வாசனையை இப்போதே கற்பனை செய்துகொண்டிருக்கிறேன்.

சரி, ட்யூபுக்கு வருகிறேன். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் கெட்டது. டயரின் இரண்டாவது விளிம்பு முக்கால்வாசி சுலபமாக உள்ளே போய்விடும். கடைசி ஒரு சாண் மட்டும் அடம்பிடிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நீளமான லீவரைப் போட்டு அழுத்துவேன். லீவர் நுனி உள்ளே ட்யூபைக் கவ்வும். காற்றடித்தால் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை.

பலம் தேவைப்படுகிறது என்றாலே ஏதோ தப்பு நடக்கிறது என்று புரிய மூன்று ட்யூப் செலவானது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, எதிர்ப்பக்க விளிம்பு அதற்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் அந்தப் பள்ளத்தை ட்யூபே அடைத்துக்கொள்ளும். நான் தொடங்கியதே அங்கேதான்! வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். தொடங்கிய பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் எடுக்காமல் போனால் கடைசி ஒரு சாண் தானாக வழுக்கிக்கொண்டு விழுகிறது. முடித்ததும் வால்வை உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அதன் அடியில் ட்யூப் மாட்டிக்கொள்ளும். வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்குவதையும் விட்டுவிட்டேன், மூடிக்குக் கீழே மேலேற்றி வைத்துவிடுகிறேன். டயர் சறுக்கி ட்யூப் நகர்ந்தால் வால்வு சாய்வது கண்ணில் படும், வேரோடு கிழியாது.

முதல் முயற்சி 2 மணி 10 நிமிடம். நேற்று 38 நிமிடம், அதில் நண்பனின் பைக் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் இறக்கி விளிம்பைப் பெயர்த்தெடுத்தது மட்டும் 9.

லீவர் பற்றி ஒரு புலம்பல். இணையத்தில் வாங்கிய அலுமினிய லீவர் ஜோடி, இறகு போல எடை என்று விளம்பரம். இரண்டாம் நாளே ஒன்று வளைந்துவிட்டது. விற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. இப்போது வைத்திருப்பது கரண்டி நுனி கொண்ட இரும்பு லீவர் மூன்று. கனம்தான், இருக்கட்டும்.

உபரி ட்யூப், முன் சக்கரத்துக்கான 21 அங்குலம் மட்டும் இரண்டு எடுத்துப்போகிறோம். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின் சக்கரத்தில் மடித்துத் திணித்து அடுத்த ஊர்வரை ஓட்டிவிடலாம். 18ஐ முன்னால் போடுவது நடக்காத காரியம்.

பெட்ரோல் கணக்கு இன்னும் முடியவில்லை. வழியில் பாட்டிலில் விற்பார்கள், ஆனால் சுவானியெரானா இவோங்கோவிலிருந்து மனனாராவரை சுமார் 130 கி.மீ. மணலில் லிட்டருக்கு 20 கி.மீ. கூடக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு 3 லிட்டர் பை ஒன்று போதுமா என்று யோசிக்கிறேன். இதில் விலை கேட்கும்போது வேறு கவனம் வேண்டும். நாணயம் அரியாரி, ஆனால் கிராமத்தில் பழைய ஃபிராங்கில் சொல்லிவிடுவார்கள், 5 ஃபிராங்க் ஒரு அரியாரி. வகுக்க மறந்தால் ஐந்து மடங்கு கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

இது நல்லபடியாக முடிந்தால் அடுத்த முறை மேற்கே, மொரோண்டாவாவிலிருந்து பவோபாப் மரங்கள் வழியாக பெகோபக்கா. அது வறண்ட காலத்துச் சாலை, வேறு கதை. அதற்கு முன் முன் சக்கரத்தை இருட்டில், தலையில் மாட்டும் விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்க வேண்டும். கூட வரும் நண்பன் இன்னும் ஒரு டயரைக்கூடத் தொடவில்லை. அதான் நீ இருக்கியே என்கிறான்.