போகோட்டா ஓடுபாதையின் கணக்கு

விமானத் துறையில் வேலை என்றால் ஊரில் பைலட்டா, ஏர் ஹோஸ்டஸா என்றுதான் கேட்பார்கள். நான் பார்த்தது இரண்டுமில்லை. எந்த ஓடுபாதையில், எவ்வளவு வெயிலில், எவ்வளவு எடையோடு ஒரு விமானம் கிளம்பலாம் என்று அட்டவணை போடும் வேலை. பெங்களூரில் ஒரு நிறுவனம். எனக்கு வாய்த்தது தென் அமெரிக்கப் பிரிவு. வாடிக்கையாளர் யாரென்று சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. ஆனால் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவுக்குக் கணக்குப் போடுகிறவன் அவியாங்கா என்ற விமானக் கம்பெனியின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது. கொலம்பியாவின் அந்தக் கம்பெனியைப் பெற்றதும் மலை, இன்றுவரை படுத்தி எடுப்பதும் மலை.

1919 டிசம்பரில் கரீபியன் கரையோர நகரமான பாரன்கீயாவில் ஜெர்மானியர்களும் உள்ளூர் வணிகர்களும் சேர்ந்து தொடங்கியபோது அதன் பெயர் ஸ்காட்டா. தலைநகரோ ஆண்டிஸ் மலைமேல். கடற்கரையிலிருந்து அங்கே போக மக்தலேனா ஆற்றில் நீராவிப் படகேறி நாள்கணக்கில் கிடக்க வேண்டும். தண்ணீர் வற்றிவிட்டால் இன்னும் மோசம். ஸ்காட்டா தன் யுங்கர்ஸ் எஃப்.13 விமானங்களுக்குச் சக்கரத்துக்குப் பதிலாக மிதவை மாட்டியது. ஆறே ஓடுபாதை, ஆறே வழிகாட்டி. இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே பள்ளத்தாக்கை விட்டு விலகாமல் ஆற்றோர ஊரான ஹிரார்தோத் வரை பறப்பார்கள்; அங்கிருந்து போகோட்டாவுக்கு ரயில். நான்கு பயணிகளுக்குத்தான் இடம் என்பதால் தபால் வருமானம்தான் தாங்கியது. சொந்தமாகத் தபால்தலை அச்சடித்து விற்ற விமானக் கம்பெனி அது!

முதல் தலைவர் எர்னஸ்டோ கொர்த்திசோஸ் 1924இல் தன் கம்பெனி விமானம் விழுந்தே இறந்தார். பாரன்கீயா விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். இரண்டாம் உலகப்போர் வந்ததும், பனாமா கால்வாய்க்குப் பக்கத்தில் ஜெர்மன் பைலட்டுகள் பறப்பது அமெரிக்காவுக்கு உறுத்தியது. ஜெர்மானியரை வெளியேற்றி, இன்னொரு கம்பெனியோடு இணைத்து, 1940இல் அவியாங்கா ஆக்கினார்கள்.

மிதவை போய் ஜெட் வந்தபின் ஆற்றோரமாக ஒதுங்க வழியில்லை, மேலேயேதான் இறங்கியாக வேண்டும். போகோட்டாவின் எல் டொராடோ விமான நிலையம் சுமார் 2,550 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும். புதிதாகச் சேர்ந்தபோது எஞ்சின் வரம்பையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், விமானப்படையில் ஓய்வுபெற்று வந்திருந்த மூத்தவர் சொன்னார்: "எஞ்சினை விடுங்க தம்பி, டயரைப் பாருங்க." காற்று மெலிந்த இடத்தில் அதே தூக்குவிசை கிடைக்க விமானம் தரையில் இன்னும் வேகமாக ஓட வேண்டும். டயருக்கோ ஒரு வேக உச்சம் உண்டு. பல ஜெட்களில் அது மணிக்குச் சுமார் 360 கிலோமீட்டர். ஓடுபாதை நீளமாக இருக்கும், எஞ்சினிலும் மிச்சமிருக்கும், ஆனால் டயர் போதும் என்றுவிடும். குளிரில் காற்றின் அடர்த்தி கூடும் என்பதால், மத்தியான வெயிலில் போட்ட கணக்கையே இரவுக் குளிருக்குப் போட்டால் டன் கணக்கில் எடை கூட ஏற்றலாம்.

பொலிவியாவின் எல் ஆல்டோ விமான நிலையம் இதற்கும் மேலே, 4,000 மீட்டருக்கு மேல். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், பயணிகள் இருக்கும் கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே போகாமல் வைத்திருப்பார்கள். எல் ஆல்டோ 13,000 அடியைத் தாண்டுகிறது. எனவே விமானம் இறங்க இறங்க, அழுத்தக் கணக்கில் கேபினின் 'உயரம்' ஏறிக்கொண்டே போகும். வழக்கமான எச்சரிக்கை மணி 10,000 அடியிலேயே அடித்துவிடும் என்பதால் அதற்கென மாற்றியமைத்த விமானங்கள்தான் அங்கே போகின்றன.

அவியாங்கா என்றதும் துறைக்காரர்களுக்கு நினைவு வருவது 52ஆம் எண் விமானம். 1990 ஜனவரி 25, போகோட்டாவிலிருந்து மெதெயின் வழியாக நியூயார்க் போன போயிங் 707. மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைக்கப்பட்டு, ஒருமுறை இறங்கப் பார்த்து முடியாமல், எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எரிய ஒன்றும் மிச்சமில்லை. விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை என்பதையே எல்லாரும் பேசுவார்கள். விசாரணை அறிக்கையில் இன்னொரு வரி உண்டு: பறக்கும்போது தரையிலிருந்த டிஸ்பேட்ச் ஏற்பாட்டின், அதாவது எரிபொருளையும் வானிலையையும் கீழிருந்தே கண்காணிக்கும் கம்பெனி ஆட்களின், உதவியை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எங்களைப் போல மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வரிதான் முக்கியம். மேலே இருப்பவர் கேட்காவிட்டாலும் கீழே இருப்பவர் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

2020 மார்ச்சில் கொலம்பியா வானத்தை மூடியது. மே மாதம் அவியாங்கா நியூயார்க் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2021 டிசம்பரில் மீண்டு வந்தது. வந்ததும் மலிவு விலைக் கம்பெனிகளுக்கு ஈடுகொடுக்க, ஏர்பஸ் ஏ320 விமானங்களில் 150 இருக்கைகளை 180 ஆக்கியது. பயணிகள் முட்டி இடிக்கிறது என்று புலம்பினார்கள். எனக்கு 30 பேரும் அவர்கள் பெட்டிகளுமாகக் கிட்டத்தட்ட மூன்று டன் தெரிந்தது. மெதெயின், கலி போன்ற பக்கத்து நகரங்களுக்குப் போக அது பொருட்டல்ல, எரிபொருள் குறைவாகத்தான் நிரப்புவார்கள். தூரம் கூடி, கிளம்புவது மத்தியானமாகவும் இருந்துவிட்டால், முதலில் சரக்கை இறக்கச் சொல்வோம்.